குளத்துக்குக் காய்ச்சல்

அந்தக் கோடையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளம் சூடேறிக்கொண்டே போனதை அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் சூடாகாதது எதுவும் இல்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டியது. பின்கதவின் தாழ்ப்பாளைத் துணி சுற்றித்தான் தொட முடிந்தது. துவைத்துப் போட்ட சேலை, அடுத்த துணியை உதறிப் போடுவதற்குள் காய்ந்து மொறமொறத்தது. குளம் மட்டும் எப்படித் தப்பும்?

ஆனால் அந்தக் குளத்தை நம்பித்தான் அவள் கால்கள் இருந்தன. அவளுக்கு நரம்பில் நோய். மின்கம்பியின் மேலுறை உரிவதைப் போல உள்ளே நரம்புகளின் உறை உரிந்துகொண்டு வருகிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உடம்பு சூடானால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. விரல்களில் பிடி தளர்ந்துவிடும். குளிர்ந்தால் போன பலம் மெல்லத் திரும்பும். தரையில் நடக்க அவளுக்கு ஊன்றுகோல் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் மார்பளவு இறங்கிவிட்டால் வேண்டாம். காலையும் மாலையும் குளத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து நடந்துதான், மீதி நேரத்தில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடக்கும் தெம்பை அவள் சேர்த்துவைத்திருந்தாள்.

வீட்டில் அவள் தனி. குளத்தை வெட்டியவர் அவளுடைய கணவர். பெரிய கட்டடங்களில் தீயணைப்புக் குழாய்கள் பொருத்துவது அவர் தொழில். அதனால் அவள் தம்பி அவருக்கு 'குழாய் மச்சான்' என்று பெயர் வைத்திருந்தான். பிள்ளைகள் பிறந்தால் குதித்து விளையாட வேண்டும் என்று சொல்லி, கல்யாணமான புதிதிலேயே குளத்தை வெட்டிவிட்டார். கடல் மாதிரி தெரியட்டும் என்று தரைக்குக் கருநீலம் அடித்தார். இலை உதிர்த்துத் தண்ணீரைக் குப்பையாக்கிய மரத்தை வெட்டினார். எல்லாம் தயாராக இருந்தது. பிள்ளைகள்தான் பிறக்கவில்லை.

கடைசியில் இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். சண்டை போடும் அளவுக்காவது ஏதாவது மிஞ்சியிருந்திருக்கலாம் என்று அவளுக்கு எப்போதாவது தோன்றும். வீடு அவளுக்கு வந்தது. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தம்பி ஒருமுறை தொலைபேசியில் வாய் தவறிச் சொன்னான். நோய் பிரிவுக்குப் பிறகு வந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் வரவில்லை.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்க யாரோ அவள் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள், அவளோடு யாரும் பேசவில்லை. ஒரு மருத்துவர் பதிவின் முடிவில் "நன்றி" என்பார். அந்த ஒரு சொல்லை அவள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் சில நாள் அதைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பாள்.

வெயில் உச்சத்துக்குப் போன வாரத்தில் ஒரு பிற்பகல், பதிவுகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. சாயங்காலம்வரை பொறுக்காமல் குளத்தில் இறங்கினாள். குளத்தை மூடியிருந்த நீல நிறக் கொப்புள விரிப்பைப் பாதி சுருட்டிவிட்டு, இரும்பு ஏணியில் கால் வைத்து இறங்கும்போதே தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு இருந்தது தெரிந்தது. தண்ணீருக்குள் இறங்கிய மாதிரியே இல்லை. நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். இரண்டு முறை போய்த் திரும்புவதற்குள் முழங்கால்கள் நனைந்த துணி மாதிரி மடிந்தன.

குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏணிவரை வந்துவிட்டாள். ஏணியில் ஏற முடியவில்லை. வலது காலைப் படியில் தூக்கி வைக்கச் சொன்னால் அது தண்ணீருக்குள்ளேயே சும்மா மிதந்தது. கையால் தொடையைத் தூக்கிப் படியில் வைத்தாள், வழுக்கி விழுந்தது. தலைக்கு மேலே சூரியன். கீழே கருநீலத் தரை அந்த வெயிலை எல்லாம் குடித்து, தண்ணீர் வழியாக அவளுக்கே திருப்பிக் கொடுத்தது.

யாரையாவது கூப்பிட வேண்டும். இடப்பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வலப்பக்கத்து வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

சத்தம் போடத்தான் நினைத்தாள். கடை வாசலில் நின்று விசாரிக்கிற மாதிரிதான் குரல் வந்தது. இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை கூப்பிட வெட்கமாக இருந்தது. உயிர் போகிற நேரத்திலும் அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்று யோசிக்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அழுகை வந்தது.

முழங்கைகளை ஏணியின் மேல் கம்பியில் கோத்துத் தொங்கினாள். மதில்சுவரின் நிழல் நகர்ந்து ஏணியைத் தொடும்வரை அப்படியே கிடந்தாள். பிறகு கால்களை விட்டுவிட்டுக் கைகளாலேயே உடம்பை இழுத்து, வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கரையில் விழுந்தாள். கரையின் ஓடுகள் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தன. தவழ்ந்துபோய்க் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வாளியில் பிடித்துவைத்திருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் கட்டைவிரல் அசைந்தது. வயிற்றிலும் முழங்கைகளிலும் சிராய்ப்பு பல நாட்கள் சிவந்து கிடந்தது. பார்த்து "என்ன ஆச்சு?" என்று கேட்க ஆள் இல்லாததால் பதில் எதுவும் தயார் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை தம்பி கூப்பிட்டான். தொலைவில் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். சின்ன வயதில் அவள் தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள் என்பதால் அவளை இன்னும் வாத்து என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன வாத்து, குளத்துல இருக்கியா, கரையில இருக்கியா?"

"குளம் சுடுதுடா. இறங்க முடியல."

"அவ்வளவுதானே? ஐஸ் வாங்கிப் போடு."

"விளையாடாதே."

"விளையாடலக்கா. மீன் கடைக்கு ஐஸ் பாளம் போடுறவங்க இருப்பாங்க, ரெண்டு பாளம் இறக்கச் சொல்லு. இல்லேன்னா ஒண்ணு செய். அந்த வீட்டையும் குளத்தையும் வித்துட்டு இங்க வந்துடு. மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு."

பிற்பகல் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தவள், இந்த இரண்டாவது பேச்சைக் கேட்டதும் விழுங்கிவிட்டாள். சொன்னால் மறுநாளே வந்து மூட்டை கட்டிவிடுவான். அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நல்லவர்கள்தான். மாடி அறையும் நல்ல அறைதான். ஆனால் அங்கே போனால் எழுந்திருக்கும்போதும் உட்காரும்போதும் நான்கு ஜோடிக் கண்கள் அவள் கால்களையே பார்க்கும்.

ஐஸ் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஐஸ்காரர் ஒரு சின்ன வண்டியில் வந்தார். பாளங்களைச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்து, குளத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா, மீன் எங்க?"

"மீன் இல்லைங்க. தண்ணியைக் குளிர வைக்கத்தான்."

"இந்தத் தண்ணியையா?" தலையைச் சொறிந்தார். "யானைக்கு ஜலதோஷம்னு கைக்குட்டை குடுத்த கதையா இருக்கே. சரி, நமக்கென்ன, போட்டுடுறேன்."

பாளங்கள் தொபீரென்று விழுந்து, புகை விட்டுக்கொண்டு மிதந்தன. அவள் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஐஸ்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதற்குள் அவை சோப்புக்கட்டி அளவுக்குத் தேய்ந்துவிட்டன. மிதக்கும் வெப்பமானி முப்பத்துநான்கிலேயே நின்றது. ஒரு கோடு இறங்கினதோ என்னவோ, அது அவள் ஆசையாகவும் இருக்கலாம்.

பிறகு நீச்சல் குளச் சாமான்கள் விற்கும் கடைக்குத் தொலைபேசி செய்தாள். எடுத்த பெண் சிறு வயதுக்காரி போலிருந்தது. குளிரூட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது என்று விலையைச் சொன்னாள். அதைக் கேட்டதும் இவள் பேசாமல் இருந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேம்மா. அந்த விலைக்கு நான் குளத்தையே மூடிட்டு வேற ஒண்ணு வெட்டிக்கலாம். செலவில்லாம வேற ஏதாவது வழி இருக்கா?"

கடைப்பெண் குரலைத் தாழ்த்தினாள். முதலாளி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். "குளத்தை மூடி வச்சிருக்கீங்களா மேடம்?"

"ஆமா, நீல விரிப்பு. வெயில் படக்கூடாதுன்னு பகலெல்லாம் மூடியேதான் வைக்கிறேன்."

"ஐயோ, அது சூட்டைப் பிடிச்சு வைக்கிறதுக்கான விரிப்பு மேடம். குளிர்காலத்துக்கு. அடுப்புல வச்சு மூடி போட்ட மாதிரி ஆயிடும். முதல்ல அதை எடுங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் குளத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவளே மூடி போட்டு வேகவைத்திருக்கிறாள். விரிப்பைச் சுருட்டி ஓரமாகப் போடவே அவளுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. இரண்டு நாளில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்துப் பார்த்தாள். நம்பி இறங்க முடியாது என்று கால் சொன்னது.

நடை நின்றுபோனதால் உடம்பு பின்வாங்க ஆரம்பித்தது. சமையலறைக்குப் போக இப்போது சுவரும் வேண்டியிருந்தது, ஊன்றுகோலும் வேண்டியிருந்தது. தட்டச்சில் பிழைகள் கூடின. ஒரு நோயாளியின் இதயத்தை வலப்பக்கத்தில் வைத்து அனுப்பிவிட்டாள். திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வாரம்தான் "நன்றி" சொல்லும் மருத்துவரின் பதிவு ஒன்று வந்தது. வெயிலில் சாலை போடும்போது மயங்கி விழுந்த ஒரு தொழிலாளியைப் பற்றியது. உடம்பு அனலாகக் கொதிக்க, அவரைத் தூக்கிவந்திருக்கிறார்கள். மருத்துவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்: உடலெங்கும் தண்ணீர் தெளிக்கப்பட்டது; பெரிய மின்விசிறிகள் வைக்கப்பட்டன; ஈரம் ஆவியாகும்போது வெப்பம் வேகமாக இறங்கியது; நோயாளி கண் திறந்தார்.

அவள் பதிவை நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். ஐஸ் இல்லை. தண்ணீரைத் தெளித்துக் காற்றுப் படவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுந்துபோய்க் கையை நனைத்து மின்விசிறிக்கு நேராக நீட்டினாள். கை சில்லிட்டது. குழாயில் வந்ததோ வெந்நீர்தான்.

குளத்துத் தண்ணீரை மேலே எடுத்து, சிறு சிறு துளியாகக் காற்றில் தெளித்து, மறுபடி குளத்திலேயே விழவைத்தால் போதும். மோட்டார் ஏற்கெனவே இருக்கிறது. துளை போட்ட ஒரு குழாய்தான் வேண்டும். அதை மோட்டாரோடு எப்படி இணைப்பது, எந்த வால்வைத் திறப்பது, எதை அடைப்பது என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

அன்று முழுக்க அவள் அவருடைய எண்ணை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் கூப்பிட்டபோது அவர் உடனே எடுத்துவிட்டார். அதற்கு அவள் தயாராக இல்லை.

"நான்தான்," என்றாள்.

"தெரியுது. சொல்லு. ஏதாவது பிரச்சினையா?"

"பெருசா ஒண்ணும் இல்லை. குளம் ரொம்பச் சூடாயிடுச்சு."

மறுமுனையில் அவர் சிரித்தார். "இத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிடுறே, என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். குளம் சுடுதா?"

"ஆமா. சிரிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். முன்பக்க மணியை அடித்துவிட்டு, அவள் திறக்கும்வரை வாசலில் நின்றார். அவர் மணி அடித்து நிற்பதை அவள் பார்த்ததே இல்லை. சாவி போட்டுத் திறந்துகொண்டு வருகிறவர்தான். தொப்பை விழுந்திருந்தது. முடிக்குச் சாயம் பூசியிருந்தார். தோளில் அதே மாதிரி ஒரு கருவிப்பை. கையில் நீளமான வெள்ளைக் குழாய்கள். வண்டியிலிருந்து ஒரு சுருட்டு பச்சை வலையையும் இறக்கினார்.

"செடி வளர்க்கிற பண்ணையில பழசுன்னு தூக்கிப்போட வச்சிருந்தாங்க. நிழலுக்கு ஆகும்."

ஊன்றுகோலை அவள் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். அவர் முன்னே போகட்டும் என்று விட்டு, நாற்காலி, மேசை, கதவு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நல்லவேளை, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவருகே மட்டும் தயங்கி, "இப்படியே போகலாமா?" என்று கேட்டார்.

"போங்க. புதுசா கேக்குறீங்க?"

குளக்கரையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் மோட்டார் அறையைத் திறந்து, சிலந்தி வலையைத் துடைத்து, வால்வுகளைத் தட்டிப் பார்த்தார். "இது எதுக்கு நடுப்பகல்ல ஓடுது? கொதிக்கிற நேரத்துல தண்ணியைச் சுத்தவிட்டா சூடு உள்ளதான் இறங்கும். பொழுது சாஞ்ச பிறகு ஓடி விடியற வரைக்கும் ஓடட்டும்." நேரம் வைக்கும் பொத்தானைத் திருப்பினார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நீ அன்னைக்கே தரைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னே."

"சொன்னேன்."

"மரத்தையும் வெட்ட வேணாம்னே."

"அதையும் சொன்னேன்."

"ஒரு வார்த்தையாவது 'பரவாயில்லை'ன்னு சொல்றியா பாரு," என்று சிரித்துக்கொண்டே குழாயை அறுக்க உட்கார்ந்தார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் குழாயில் வரிசையாகத் துளை போட்டார். தூள் தண்ணீரில் விழாமல் காகிதத்தில் பிடித்தார். அவர் வேலை செய்யும்போது நாக்கை உதட்டோரம் துருத்திக்கொள்வது மாறவே இல்லை. ஒரு முனையைப் பொருத்தும்போது, "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்க" என்று மறுமுனையை அவளிடம் நீட்டினார். எழுந்து பிடித்தாள். வெயில் தாழ்ந்திருந்தாலும் கரையின் ஓடுகள் அனல் விட்டுக்கொண்டிருந்தன. குழாய் கனமே இல்லை. ஆனாலும் அவள் விரல்களிலிருந்து அது தானாக விடுபட்டு, தண்ணீரில் விழுந்தது. பிடிக்கக் குனிந்தவள் நிலைதடுமாறி நாற்காலியின் மேல் சாய்ந்தாள்.

அவர் குழாயை எடுக்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"வந்ததுலேருந்து பாக்கறேன், உக்காந்தே இருக்கே. ஒரு இடத்துல நிக்காத ஆளு நீ. என்ன உடம்புக்கு?"

"கால் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"கொஞ்சமா?"

அவள் சொன்னாள். நோயின் பெயரை மருத்துவர்கள் பதிவில் சொல்கிற மாதிரி, யாரோ ஒருவருக்கு வந்ததைப் போலச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"எப்போலேருந்து?"

"நாலு வருஷமாச்சு."

அவர் கண்கள் எங்கோ போய்க் கணக்குப் போட்டன. "அப்போ நாம..."

"இல்லை. அதுக்கப்புறம்தான். நீங்க போன பிறகுதான் வந்தது."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்துபோனது. நோயாளியை விட்டுவிட்டுப் போனவன் என்ற பெயர் தனக்கு இல்லை என்ற நிம்மதி. அது வந்ததை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. முகம் சிவந்து, குனிந்து குழாயை எடுத்தார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் முதலில் அதைத்தான் எண்ணிப் பார்த்திருப்பாள்.

"சொல்லியிருக்கலாமே," என்றார் குழாயைப் பார்த்துக்கொண்டு.

"சொல்லி?"

அவர் கொஞ்ச நேரம் பசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஏணியைக் காட்டி, "இதுல எப்படி ஏறி வர்றே?" என்றார்.

'ஏறிடுவேன்' என்று சொல்லத்தான் நினைத்தாள். வாய் வேறு மாதிரி பேசியது. அந்தப் பிற்பகலைச் சொன்னாள். தண்ணீரில் கால் மிதந்ததை, ஏணியில் தொங்கியதை, கரையில் தேய்ந்துகொண்டு ஏறியதை எல்லாம் சொன்னாள். தம்பியிடம் சொல்லாததை இவரிடம் சொல்கிறோமே என்று பேசும்போதே நினைத்தாள்.

"யாரையும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. யாரும் இல்லை."

அவர் பசை டப்பாவை மூடி வைத்தார். எழுந்து வண்டிக்குப் போய், தடித்த நைலான் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். மதில்சுவரில் இரும்புக் கொக்கி அடித்து, கயிற்றில் கைக்கு எட்டும் தூரத்தில் முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஏணிக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தார். "நானே தொங்குறேன், உன்னைத் தாங்காதா?" என்றார். சிரிப்பாகச் சொன்னதுதான், ஆனால் இருவரும் சிரிக்கவில்லை.

பச்சை வலையை இழுத்துக் கட்டி முடிக்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மோட்டாரைப் போட்டார். குழாய் முதலில் கொரகொரத்தது, காற்றைத் துப்பியது. பிறகு துளைகளிலிருந்து தண்ணீர் வரிசையாகப் பீறிட்டு, வளைந்து, குளம் முழுக்கச் சலசலவென்று விழுந்தது. தெறித்த சாரல் இருவர் முகத்திலும் பட்டது. அது சில்லென்றிருந்தது.

"பாப்பா இதைப் பாத்தாள்னா அவ்வளவுதான், சட்டையோட உள்ள..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

"வர்றேன்," என்றார்.

அவர் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்துதான் அவளால் அப்படிக் கூப்பிட முடிந்தது.

கிளம்பும்போது கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வாராவாரம் வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகட்டுமா? துளை அடைச்சுக்கும், ஆவியாகுறதால தண்ணியும் குறையும், பாத்து நிரப்பணும்..."

இரண்டு வாரம் வருவார். மூன்றாவது வாரம் குழந்தைக்கு ஜுரம் இருக்கும். நான்காவது வாரம் அவள் மணியோசைக்காகக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் காத்திருப்புக்குத் தெம்பு தேவை. இருக்கிற தெம்பு நடக்கவே சரியாக இருந்தது.

"வேணாம். நான் பாத்துக்குவேன். துளையைக் குத்திவிட ஒரு ஊசி போதாதா?"

"போதும்."

"அப்போ போயிட்டு வாங்க."

வண்டியின் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஊன்றுகோலை எடுத்தாள்.

முதல் நாள் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் நாள் விடியலில் வெப்பமானி முப்பத்திரண்டைக் காட்டியது. பகலில் நிழல் வலைக்குக் கீழே ஏறாமல் அங்கேயே நின்றது. மறுநாள் இன்னும் இறங்கியது. குறைந்த தண்ணீரை விடியற்காலையில் ஈடுகட்டினாள். கடைப்பெண்ணிடம் கேட்டுக் குளத்துக்கான குளோரின் மருந்தை அளந்து போட்டாள். இரவில் படுக்கையிலிருந்து கேட்டால் மழை பெய்வது போலிருக்கும். விழித்ததும் ஜன்னலுக்கு வெளியே தரை உலர்ந்து கிடக்கும். ஒரு கணம் ஏமாற்றமாக இருக்கும். பிறகு நினைவு வரும்.

வெப்பமானி இருபத்தெட்டைத் தொட்ட காலையில் தம்பிக்குத் தொலைபேசி செய்தாள். கடை திறக்கும் நேரம். பின்னால் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

"என்ன வாத்து, காலங்காத்தால?"

"குளத்துல இறங்கப் போறேன். இறங்குறதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு சொல்லணும். நான் முடிக்கிற வரைக்கும் பேசாதே. முக்கியமா வீட்டை விக்கச் சொல்லாதே."

சொல்லி முடித்தாள். இத்தனை வருஷத்தில் அவன் கேலி செய்யாமல் இருந்த முதல் சந்தர்ப்பம் அது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அழறியாடா?"

"இல்லக்கா. கண்ணாடித் தூசி." குரலைச் சரிசெய்துகொண்டான். "தினம் இறங்குறப்போ ஒரு தடவை கூப்பிடு. ஏறினதும் ஒரு தடவை. ஏறின போன் வரலேன்னா பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைத் தேடிப் பிடிச்சுச் சுவரேறிக் குதிக்க வைப்பேன். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது, ஆனாலும் குதிக்க வைப்பேன். சரியா?"

"சரி."

"இப்போ போ."

ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் மூச்சை இழுத்துக்கொண்டாள். இடுப்புக்கு வந்தபோது அவளையறியாமல் "அம்மாடி" என்றாள். கால்கள் தரையைத் தேடிக் கண்டுபிடித்தன. சுவரை விட்டாள். கைகளை விரித்துக்கொண்டு ஓர் அடி, இன்னோர் அடி. குளத்தின் நடுவில் பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் நின்று பார்த்தாள். நிற்க முடிந்தது. பச்சை வலை வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தண்ணீரில் ஆடியது. எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். மறுபடி போனாள். பற்கள் லேசாகத் தந்தியடிக்க ஆரம்பித்தும் நிறுத்த மனம் வரவில்லை.

ஏறியதும் தம்பியைக் கூப்பிட்டாள். யாரோ வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே, "ஏறிட்டியா? சரி சரி" என்று வைத்துவிட்டான். துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வலப்பக்கத்து வீட்டு ஏசி இரைந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்குக் குளிரெடுத்தது. உடம்பு உதறியது. அதைப் பார்த்து அவளே கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தாள். நடுக்கம் அடங்கியதும் எழுந்து, முடியைத் துவட்டிக்கொண்டு, காலையில் வந்து கிடந்த பதிவுகளைத் தட்டச்சு செய்ய உள்ளே போனாள்.